பலெர்மோவிலிருந்து பாரிஸ் 1,471 கிலோமீட்டரா, 1,510 கிலோமீட்டரா? ஒரு தாமதப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

விமானம் பிந்தி வந்து, இழப்பீடு கேட்டு, கேட்டதில் ஒரு பகுதி கிடைத்த ஒரு குடும்பத்தின் விவகாரம் இது. கடிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் ஒரு பிழை என்னுடையது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குடும்பத்தின் பெயரும் விமான நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

பின்னணி

சிசிலித் தீவின் பலெர்மோ, இத்தாலியில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஊர்களில் ஒன்று. பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குச் சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாக ஏறிப் போவதை அங்கே பார்க்கலாம். அங்குள்ள குடும்பங்களுக்குப் பாரிஸில் யாராவது ஒரு சகோதரமோ மச்சானோ இருப்பது வழக்கம். அதனால் பலெர்மோ–பாரிஸ் என்பது நம்மவருக்கு உல்லாசப் பயணம் இல்லை. கலியாணம், சாமத்தியம், செத்தவீடு என்று போய் வருகிற பாதை.

குடும்பத்தில் நால்வர். நாற்பதைத் தாண்டிய கணவன், மனைவி, 11 வயது மகள், கணவனின் தாய். தாய்க்கு 76 வயது. சர்க்கரை வியாதி இருக்கிறது, நீண்ட தூரம் நடக்க முடியாது. கணவனின் தங்கை பாரிஸின் வடக்குப் புறநகரான லா கூர்நெவில் இருக்கிறார். அவருடைய மகளுக்குச் சனிக்கிழமை சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் இவர்தான். மாமன் வராமல் அந்தச் சடங்கு நடக்காது.

டிக்கெட் எடுக்கும்போது அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வெள்ளி இரவு நேரடியாகப் போவே விமான நிலையம். மற்றது, வெள்ளி காலை ரோமில் மாறி சார்ல் து கோல் விமான நிலையம். போவே என்பது விற்பனையில் பாரிஸ் என்று இருந்தாலும் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம், போக்குவரத்து நெரிசல் என்றால் அதற்கும் மேல். நள்ளிரவில் அம்மாவை அப்படிக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு மனமில்லை. சார்ல் து கோலில் இறங்கினால் தங்கை வீட்டுப் பக்கம் போகிற ஆர்.இ.ஆர். 'பி' ரயில் அங்கேயே நிற்கும். எனவே ரோம் வழி. திரும்பி வரும்போது பகல் விமானம் என்பதால் போவேயிலிருந்து நேரடியாக எடுத்தார்.

அந்த முடிவில் நான் குறை காண மாட்டேன். அட்டவணை இதுதான்: பலெர்மோ 10:40, ரோம் 11:50. ரோம் 13:30, சார்ல் து கோல் 15:40. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே முன்பதிவு எண். இந்த 'ஒரே முன்பதிவு எண்' என்ற விஷயம் பின்னால் மிக முக்கியமாக வரும்.

அன்று நடந்தது

பலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே புன்டா ரைசியில் கடலோரமாக இருக்கிறது. 1992இல் மாஃபியா கொன்ற நீதிபதிகள் ஃபல்கோனே, போர்செல்லினோ இருவரின் பெயரும் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நால்வரும் நேரத்தோடு போய், நேரத்தோடு ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டார்கள். கதவும் மூடியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் விமானி, ஒரு எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, தொழில்நுட்பப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று அறிவித்தார். முதலில் இருபது நிமிடம் என்றார்கள், பிறகு இன்னும் அரை மணி என்றார்கள். கடைசியில் விமானம் நகர்ந்தபோது நேரம் 12:32. தாமதம் 1 மணி 52 நிமிடம்.

ரோமில் ஃபியுமிச்சினோவில் வாசலைச் சேர்ந்தபோது 13:42. பாரிஸ் விமானம் போய்விட்டிருந்தது. உதவி மேசையில் இருந்த பெண் புதிய போர்டிங் அட்டைகளை அச்சடித்துக் கொடுத்தார். அடுத்த விமானம் 18:20க்கு. சாப்பாட்டுக் கூப்பன் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அம்மா கட்டுச்சோறாகப் புளிச்சோறு கொண்டு வந்திருந்தார். ஆனால் அது ஒரு வேளைக்குத்தான் காணும். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டியவர் என்பதால் மாலையில் மறுபடி ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு பேருக்கும் ரொட்டி, தயிர், தண்ணீர், கோப்பி என்று 41.60 யூரோ செலவு. ரசீதை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விமானம் 7 நிமிடம் பிந்திப் புறப்பட்டு அன்றிரவு சார்ல் து கோலில் இறங்கியது. சின்ன மகள், மச்சாளுக்கு அனுப்புவதற்காக, கதவு திறந்து ஆட்கள் எழும்பி வெளியே போவதைக் கைத்தொலைபேசியில் பதினொரு விநாடி படம் பிடித்திருந்தாள். அந்தக் காணொளியின் நேரம் 20:37. வர வேண்டிய நேரம் 15:40. ஆக 4 மணி 57 நிமிடத் தாமதம்.

மறுநாள் சடங்கு குறையில்லாமல் நடந்தது. வெள்ளி மாலை சொந்தக்காரரோடு இருக்க நினைத்த நேரம் மட்டும் போனது போனதுதான்.

விதி என்ன சொல்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இழப்பீடு டிக்கெட்டின் விலையைப் பொறுத்தது இல்லை, தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேற்பட்ட எல்லாப் பயணங்களுக்கும், மற்றவற்றில் 3,500 கிலோமீட்டர் வரைக்கும் 400 யூரோ. மிச்சத்துக்கு 600. இது ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி. சீட்டுக்குக் காசு கொடுத்த பிள்ளைக்கும் பெரியவருக்கு உள்ள அதே தொகைதான்.

விதியின் எழுத்தில் இந்தத் தொகை விமானம் ரத்தானால் அல்லது பயணியை ஏற்ற மறுத்தால் என்றுதான் இருந்தது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி வந்தவருக்கும் அதே உரிமை உண்டு என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2009 நவம்பர் 19 அன்று சொன்னது. இன்றைக்கு நம்மவர் 'மூணு மணித்தியால ரூல்' என்று சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

அந்த மூன்று மணியை எந்த நொடியிலிருந்து கணக்கிடுவது? சால்ஸ்பூர்கிலிருந்து கொலோன்–பான் போன ஒரு விமானம் 2 மணி 58 நிமிடம் பிந்தித் தரை தொட்டது, 3 மணி 3 நிமிடம் பிந்தித் தன் இடத்தில் போய் நின்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஐந்து நிமிடத்துக்காக வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2014 செப்டம்பர் 4 தீர்ப்பின்படி, ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியேறலாம் என்ற நிலை வருவதுதான் வந்து சேர்ந்த நேரம். சக்கரம் தரை தொட்டது கணக்கில்லை. சிறுமியின் பதினொரு விநாடிப் படம் இதனால்தான் பெறுமதியானது.

முதல் கடிதமும் என் பிழையும்

குடும்பம் ஊர் திரும்பிய பிறகு கணவன் என்னை அழைத்தார். கோரிக்கைகளை எடுத்து நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன, வென்றால் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். இது சிக்கலில்லாத விவகாரம், நாமே எழுதலாம் என்று நான் சொன்னேன். அது இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

பிழை தூரத்தில் வந்தது. பலெர்மோ–ரோம் 409 கிலோமீட்டர். ரோம்–சார்ல் து கோல் 1,101 கிலோமீட்டர். கூட்டினால் 1,510. எல்லையைப் பத்துக் கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு 400, நான்கு பேருக்கு 1,600 யூரோ என்று எழுதி, 41.60 யூரோ ரசீதையும் வைத்து அனுப்பினேன். பத்தே கிலோமீட்டரில் எல்லையைத் தாண்டுகிற ஒரு கணக்கைக் கண்டால் சந்தோஷம் வருவதற்கு முன் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ரசீதில் இன்னொரு கோளாறும் இருந்தது. சூட்டில் எழுத்து விழும் அந்தப் பளபளப்புத் தாள் இரண்டு வாரம் மணிபர்ஸில் கிடந்ததில், மூன்றாவது வரியும் நான்காவது வரியும் பழுப்புக் கறை மாதிரி மங்கிவிட்டன. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் 'கோப்பி' என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நிறுவனத்தின் முதல் பதில்

ஐந்து வாரம் கழித்து மறுப்பு வந்தது. இரண்டு காரணங்கள். முதல் விமானம் 1 மணி 52 நிமிடம்தான் பிந்தியது, இரண்டாவது 7 நிமிடம்தான் பிந்தியது, எதுவும் மூன்று மணியைத் தொடவில்லை என்பது ஒன்று. கோளாறு எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு, எனவே அசாதாரணச் சூழ்நிலை என்பது மற்றது.

இரண்டும் நிற்காத வாதங்கள். பிரேமனிலிருந்து பாரிஸ், சாவ் பாவ்லோ வழியாக அசுன்சியோன் போன ஒரு பயணி, முதல் விமானம் இரண்டரை மணி பிந்தியதால் கடைசியில் 11 மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார். அவர் வழக்கில் 2013 பெப்ரவரி 26 அன்று நீதிமன்றம், இறுதி இடத்தில் எவ்வளவு பிந்தினார் என்பதுதான் கணக்கு என்று சொன்னது. ஒரே முன்பதிவில் எடுத்த தொடர் விமானங்கள் ஒரு பயணம். தொழில்நுட்பக் கோளாறு பற்றி 2008 டிசம்பர் 22லேயே தீர்ப்பு இருக்கிறது. விமானத்தை இயக்குகிற தொழிலில் இயல்பாக வருகிற கோளாறு அசாதாரணம் ஆகாது. எச்சரிக்கை விளக்கு எரிவது அந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது.

இந்த இரண்டையும் தேதியோடு எழுதி, சிறுமியின் காணொளியிலிருந்து ஒரு படத்தையும் இணைத்து, பதில் சரியில்லாவிட்டால் புறப்பாடு இத்தாலியில் என்பதால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகார அமைப்பான எனாக்கிடம் முறையிடுவோம் என்றும் சொல்லி இரண்டாவது கடிதம் போனது.

இரண்டாவது பதில்: 250தான்

இந்த முறை நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆளுக்கு 250 யூரோ என்று எழுதியிருந்தது. காரணம் ஒரே வரியில்: பலெர்மோவுக்கும் சார்ல் து கோலுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம் 1,471 கிலோமீட்டர்.

அன்று இரவே கணவன் அழைத்தார். "அண்ணை, நாங்கள் ரோமுக்குப் போய்த்தானே போனனாங்கள். பறந்தது 1,510 கிலோமீட்டர். பிறகென்ன 1,471? ரோமுக்கு நாங்களா கேட்டுப் போனது?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் முதலில் நிறுவனம் ஏமாற்றுகிறது என்றே தோன்றியது. மூன்றாவது கடிதத்தை எழுதவும் தொடங்கிவிட்டேன். எழுதும்போது விதியின் 7ஆம் பிரிவை முழுதாக வாசித்தேன். முன்பு வாசித்தபோது தொகைகளோடு நின்றுவிட்டிருந்தேன். அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, தூரங்களைப் பெருவட்டப் பாதை முறையில் அளக்க வேண்டும் என்கிறது.

பெருவட்டம் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. உருண்டையான உலகப் பந்தில் இரண்டு ஊர்களிலும் ஊசி குத்தி, இடையில் ஒரு நூலை இறுக்கி இழுத்தால் நூல் படுகிற பாதை அது. சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து இழுக்கிற கோடு இல்லை. விமானம் உண்மையில் பறந்த பாதையும் இல்லை. விமானம் ஏறும்போது ஒரு வளைவு, இறங்கும்போது வரிசைக்காக ஒரு சுற்று, நடுவில் இடிமேகத்தைத் தவிர்க்க ஒரு விலகல் என்று எப்போதும் கூடத்தான் பறக்கும். அதையெல்லாம் அளக்கப் போனால் ஒரே விமான எண்ணுக்குத் திங்களுக்கு ஒரு தூரம், செவ்வாய்க்கு ஒரு தூரம் என்று வரும்.

சரி, நூலை எந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவில் இழுப்பது? ரோமில் ஒரு ஊசி உண்டா? இதற்கும் தீர்ப்பு இருந்தது, அதுவும் ஏறக்குறைய இதே கதையில். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பூர்க் போன பயணிகள் 3 மணி 50 நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தார்கள். நேர்த் தூரம் 1,326 கிலோமீட்டர். பிரஸ்ஸல்ஸ் வழியாகக் கூட்டினால் 1,656. அவர்கள் 400 கேட்டார்கள். 2017 செப்டம்பர் 7 அன்று நீதிமன்றம், முதல் புறப்பாட்டு இடத்துக்கும் இறுதி இடத்துக்கும் இடையிலான நேர்த் தூரம் மட்டுமே கணக்கு, இடையில் எங்கே மாறினாலும் பொருட்டில்லை என்று முடித்துவிட்டது. காரணமும் எளிது. இழப்பீடு இழந்த நேரத்துக்கானது. நேரடி விமானத்தில் போய் ஐந்து மணி நேரம் பிந்தினவருக்கும், மாறிப் போய் ஐந்து மணி நேரம் பிந்தினவருக்கும் போன நேரம் ஒன்றுதான்.

ஏன் விட்டுக்கொடுத்தோம்

அடுத்த நாள் அவருக்கு இதை எடுத்துச் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. நான் சொன்னது இதுதான்: "முதல் கடிதத்துக்கு அவை என்ன சொன்னவை? ரெண்டும் வேற வேற விமானம், ஒண்டும் மூண்டு மணித்தியாலம் பிந்தேல்லை எண்டுதானே? நாங்கள் அதை எப்படி வெண்டனாங்கள்? ரெண்டும் ஒரே பயணம் எண்டு சொல்லித்தான். இப்ப தூரத்துக்கு மட்டும் ரெண்டு பயணம் எண்டு எப்படிச் சொல்லுறது?"

இந்த விவகாரத்தின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். பயணத்தை ஒன்றாகப் பார்த்ததால்தான் 1 மணி 52 நிமிடத் தாமதம் 4 மணி 57 நிமிடமாக ஆனது. அதே பார்வைதான் 1,510 கிலோமீட்டரை 1,471 ஆக்கியது. துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும் என்று நாங்கள் அடம் பிடித்திருந்தால், 400 கிடைப்பது இருக்கட்டும், 250க்குக்கூட அடிப்படை இருந்திருக்காது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சரி, எழுதுங்கோ" என்றார். மனைவி பின்னாலிருந்து, வந்ததை வாங்குங்கோ என்று சொன்னதும் கேட்டது.

தூரத்தை நாங்களே அளந்தபோது

நிறுவனம் சொன்ன 1,471ஐ அப்படியே நம்பிவிடாமல் நானே கணக்கிட்டேன். பலெர்மோ விமான நிலையம் வடக்கே 38.18 பாகை, கிழக்கே 13.09 பாகை. சார்ல் து கோல் வடக்கே 49.01, கிழக்கே 2.55. பூமியின் ஆரத்தை 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் 1,471தான் வருகிறது. நிறுவனம் பொய் சொல்லவில்லை.

அப்போது, வந்த வேகத்தில் பாரிஸின் மற்ற இரண்டு விமான நிலையங்களையும் அளந்து பார்த்தேன். ஓர்லி 1,454 கிலோமீட்டர். போவே 1,529.

மூன்றும் டிக்கெட் விற்பனையில் 'பாரிஸ்' என்றே வருகின்றன. ஆனால் இந்த விதியின் கணக்கில் சார்ல் து கோலும் ஓர்லியும் 1,500க்கு உள்ளே, போவே வெளியே. பலெர்மோவிலிருந்து போவேக்கு வந்த விமானம் நாலு மணி நேரம் பிந்தினால் ஆளுக்கு 400 யூரோ. அதே நாள் அதே அளவு பிந்தி சார்ல் து கோலுக்கு வந்தவருக்கு 250. மலிவு டிக்கெட்டில் தூரத்து விமான நிலையத்துக்குப் போனவருக்கு 150 யூரோ கூட. விமான நிலையத்தைப் போவேயில் கட்டியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்தின் திரும்பு பயணம் போவேயிலிருந்துதான். அது சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

முன்னால் போய்ச் சேர்வதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அட்டவணையில் உள்ள நேரம் பறக்கிற நேரம் இல்லை. விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாசலில் நிற்கிற வரைக்குமான நேரம். 1,471 கிலோமீட்டரை மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஒன்றே முக்கால் மணிதான் வரும். ஆனால் நேரடி விமானங்களின் அட்டவணை ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் என்று இருக்கும். மிச்சம், ஏறும்போதும் இறங்கும்போதும் குறைகிற வேகம், ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போவது, சார்ல் து கோல் மாதிரிப் பெரிய இடத்தில் வரிசையில் காத்திருப்பது, அப்புறம் நிறுவனம் தன் பாதுகாப்புக்குப் போட்டு வைக்கிற சில நிமிடங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் பாரிஸுக்குப் போகிற திசை கொஞ்சம் மெதுவாகவும் பலெர்மோவுக்கு வருகிற திசை கொஞ்சம் வேகமாகவும் இருக்கும். திரும்பும்போது சக்கரம் எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை 2 மணி 6 நிமிடம் என்று கணவன் குறித்து வைத்திருந்தார். விவகாரத்துக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற ஆளாகிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பயணம் விவகாரத்துக்கு முந்தியது, அவர் எப்போதும் அப்படித்தானாம்.

முடிவு

400 யூரோக் கோரிக்கையை விலக்கிக்கொண்டு, 250ஐ ஏற்பதாக எழுதினோம். 19 நாளில் 1,000 யூரோ வங்கிக் கணக்குக்கு வந்தது. பயணம் நடந்து நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்.

சாப்பாட்டுச் செலவு பற்றிப் பதிலே இல்லை. இதில் எங்கள் நிலை அவ்வளவு வலுவானது இல்லை. 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் புறப்பாடு இரண்டு மணி நேரம் பிந்தினால்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது, பலெர்மோவில் பிந்தியது அதற்கு எட்டு நிமிடம் குறைவு. ரோமில் காத்திருந்த நேரத்தை எப்படி எடுப்பது என்பது விவாதத்துக்குரியது. இருந்தாலும் நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டோம். வாசிக்க முடிந்த வரிகளுக்கு மட்டும் என்று 33.10 யூரோ அனுப்பினார்கள். மங்கிப்போன இரண்டு வரிகளும் 8.50 யூரோ.

இனி மாற்றிச் செய்வது

முதல் கடிதத்திலேயே இரண்டு ஊர்களையும் எழுதி, இடையில் மாறிய இடத்தைத் தூரக் கணக்கில் சேர்க்காமல், 250 என்று கேட்டிருப்பேன். என் 1,510தான் மறுப்புக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், நிறுவனம் எப்படியும் ஒரு முறை மறுத்திருக்கும். ஆனால் குடும்பத்துக்கு 1,600 என்ற எண்ணைக் காட்டியது நான். 1,000 வந்தபோது அவர்களுக்கு அது லாபமாகத் தெரியவில்லை, 600 பறிபோனதாகவே தெரிந்தது. வேலையெல்லாம் முடிந்த பிறகும் அம்மா ஒரு முறை தொலைபேசியில், "மிச்சக் காசு எப்ப தருவினமாம்?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பெருவட்டத்தை விளங்கப்படுத்த நான் முயன்றேன். இடியப்ப உரலைப் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கோ என்று தொடங்கினேன், உரல் உருண்டை இல்லையே என்றார்.

ரோமில் இடைநேரம் 1 மணி 40 நிமிடம். விற்பனைக்கு அனுமதிக்கிற அளவுதான், சாதாரண நாளில் போதும். நடக்கக் கஷ்டப்படுகிற ஒருவரும் மறுநாள் தள்ளிப்போட முடியாத ஒரு சடங்கும் இருக்கும்போது, இரண்டு விமானங்களுக்கு நடுவில் மூன்று மணி நேரம் இருக்கும்படி எடுக்கச் சொல்வேன். வியாழனே போவது அதைவிட நல்லது, ஆனால் பள்ளிக்கூடமும் வேலையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மேசையில் சாப்பாடு கேட்டிருக்க வேண்டும். கேட்டு, இல்லை என்றால் இல்லை என்றவரின் பதிலைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ரசீதை வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுவது, கதவு திறக்கிற நிமிடத்தையும் அப்படியே. சிறுமி தற்செயலாகச் செய்ததை இப்போது நான் எல்லாரிடமும் செய்யச் சொல்கிறேன்.

அடுத்த ஓகஸ்ட் கடைசியில் லா சப்பல் பிள்ளையார் தேருக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். பகல் நேர நேரடி விமானம், போவேக்கு. பஸ்ஸில் ஏறும்போது அவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார்: திறந்த விமானக் கதவு, மேல் மூலையில் நேரம் 13:04. வர வேண்டியது 13:10.